கால் ரத்த ஓட்டம்: எண்ணெய் தேய்க்கும் முன் பாதத்தில் நாடி பாருங்கள்

கால் வலி என்றால் நம் வீடுகளில் முதலில் தைலம், அடுத்து சுடுதண்ணி ஒத்தடம், அதுவும் கேட்காவிட்டால் மருந்துக் கடையில் ஒரு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ். தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) அடைபட்ட காலுக்கு இவற்றில் இரண்டு கேடு. உணர்ச்சி குறைந்த தோலில் ஒத்தடம் கொப்புளம் கிளப்பும், ரத்தம் எட்டாததால் அந்தப் புண் ஆறாது. ஸ்டாக்கிங்ஸ் மிச்சமிருக்கும் ஓட்டத்தையும் நெருக்கும். அதனால் கோளாறு தமனியிலா, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரையிலா என்று முதலில் பிரித்துவிடுங்கள்.

1. வலி எப்போது வருகிறது?

தமனி அடைப்பில் வலி நடக்கும்போதுதான் வரும். ஏறக்குறைய ஒரே தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கும். நின்றால் போதும், சில நிமிடத்தில் விட்டுவிடும். உட்கார்ந்தால்தான், அல்லது முன்னால் குனிந்தால்தான் விடுகிறது என்றால் முதுகுத்தண்டைச் சந்தேகப்படுங்கள். சிரைக் கோளாறில் சாயங்காலம் கால் கனத்து வீங்கும், காலைத் தூக்கி வைத்தால் இதமாக இருக்கும். தமனிக் கோளாறு முற்றினால் இதற்கு நேர் எதிர்: ராத்திரி படுத்ததும் பாதம் எரியும், கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் தூக்கம் வரும். நடுராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுப்பது பெரும்பாலும் இந்த நோய் அல்ல.

2. பாத நாடி

எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். கால் குளிர்ந்திருந்தால் போர்வைக்குள் வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். படுக்க வைத்து, காலின் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லுங்கள். பாதத்தின் மேல் ஒரு தசைநாண் கயிறு மாதிரி எழும்பும். அதற்குச் சுண்டுவிரல் பக்கமாக ஒட்டினாற்போல், பாதத்தின் மேட்டில் உங்கள் மூன்று விரல் நுனிகளை வையுங்கள். இப்போது கட்டைவிரலைத் தளர்த்தச் சொல்லுங்கள்.

அழுத்தினால் நாடி மறைந்துவிடும். தமனி எலும்பின் மேலேயே ஓடுவதால் லேசான அழுத்தத்துக்கே மூடிக்கொள்ளும். விரலை வைத்தால் போதும், பத்து விநாடி பொறுங்கள். கிடைக்காவிட்டால் அரை சென்டிமீட்டர் தள்ளி மறுபடி.

அடுத்த குழப்பம், நம் விரலின் துடிப்பையே அவர் நாடி என்று எண்ணிவிடுவது. மறுகையால் அவர் மணிக்கட்டு நாடியைப் பிடியுங்கள். இரண்டும் ஒன்றாகத் துடித்தால் அவருடையது. உங்கள் கைக் கட்டைவிரலால் நாடி பார்க்கவே கூடாது.

சிலருக்குப் பாதத்தின் மேல் நாடி பிறவியிலேயே கைக்கு அகப்படாது. அதனால் உள்கணுக்கால் எலும்புக்கும் குதிகாலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தையும் பார்த்தே ஆக வேண்டும். ஒரு காலில் இரண்டு நாடியும் இல்லை என்றால் ஆய்வுக்குப் போங்கள்.

3. தூக்கித் தொங்கவிடுதல்

மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் சுமார் 45 பாகைக்குத் தூக்கி ஒரு நிமிடம் பிடியுங்கள். நம் தோல் நிறத்துக்கு முழங்காலைப் பார்த்துப் பயனில்லை, உள்ளங்காலைப் பாருங்கள். அடைப்புள்ள பாதம் வெளிறும். பிறகு எழுந்து உட்கார்ந்து தொங்கவிட்டால் நிறம் மெதுவாகத் திரும்பி, அப்புறம் கருஞ்சிவப்பாகும். அந்தச் சிவப்பைப் பார்த்து ‘ரத்தம் நல்லா ஓடுது’ என்று விட்டுவிடாதீர்கள்.

4. கணுக்கால் அழுத்த விகிதம்

இதை மருத்துவமனையில் கை டாப்ளரால் (ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கும் சிறு கருவி) எடுப்பார்கள். வீட்டு பிபி மிஷினைக் கணுக்காலில் கட்டிப் பார்ப்பதை நம்பாதீர்கள், அழுத்தம் குறைந்த காலில் அது தவறாகக் காட்டும். கணக்கு எளிது: கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பது. கை 140, கணுக்கால் 98 என்றால் 0.70. 0.90 அல்லது அதற்குக் கீழே அடைப்பு, 0.40க்குக் கீழே கடுமை. சுகர்காரர்களுக்கு ஒரு பொறி உண்டு: தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பிபி பார்க்கக் கட்டும் பட்டியால் அதை நசுக்க முடியாமல் 1.40க்கு மேல் காட்டும். அது ஆரோக்கியம் அல்ல. கால்விரல் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

5. சிகிச்சை

பீடி, சிகரெட், புகையிலை முழுக்க நிற்க வேண்டும். 45 வயதுக்குள் புகைப்பவரின் விரல் கறுத்தால் பர்கர் நோயாக இருக்கலாம். புகையிலையால் கை, கால் ரத்தக் குழாய்கள் அழன்று அடைபடும் நோய் இது, 1908-இல் லியோ பர்கர் என்ற மருத்துவர் விவரித்தது. இதில் ‘ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு’ என்ற பேச்சுக்கே இடமில்லை, அந்த இரண்டே விரலை எடுக்கும்.

அடுத்தது நடை. புண்ணும் ஓய்வில் வலியும் இல்லாதவர்களுக்கு, இதய மருத்துவர் தடுக்காதவரை, மாத்திரைக்குச் சமமான மருந்து இது. வலி நடுத்தரமாக ஏறும்வரை நடங்கள், முழுக்க விட்டதும் மறுபடி நடங்கள். மொத்தம் 30 நிமிடத்தில் தொடங்கி 45 வரை, வாரம் 3 நாள், குறைந்தது 12 வாரம். வலி தொடங்கியதுமே நிற்பதுதான் பலர் செய்யும் தவறு. மொட்டைமாடியில் எட்டு போடுவதைவிட மின்கம்பங்களை எண்ணிக்கொண்டு தெருவில் நேராக நடப்பது மேல், முன்னேற்றம் எண்ணிக்கையில் தெரியும். செருப்பில்லாமல் நடக்கக் கூடாது.

மாத்திரை மருத்துவர் தருவது: ரத்தம் கட்டாமல் இருக்கப் பெரும்பாலும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல் 75 மி.கி., கூடவே கொலஸ்ட்ரால் குறைக்க ஒரு ஸ்டாட்டின். நடைதூரம் கூட்ட சிலோஸ்டாசோல் எழுதினால், இதயச் செயலிழப்பு இருப்பதைச் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு அது ஆகாது.

காத்திருக்கக் கூடாதவை

கால் திடீரென வலித்து, வெளிறி, சில்லிட்டு, மரத்து, அசையாமல் போனால் தமனி அடியோடு அடைத்திருக்கிறது. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் ஓட்டம் திரும்பாவிட்டால் தசை சாகத் தொடங்கும். ஒத்தடம் வேண்டாம், காலைத் தூக்கி வைக்கவும் வேண்டாம், ரத்தநாள அறுவை நிபுணர் இருக்கும் மருத்துவமனைக்கு நேரே போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை நீவிவிடாதீர்கள், உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும்.