ஏசி மெக்கானிக் ஆகணுமா? கேஸ் சிலிண்டரைத் தொடும் முன் கற்க வேண்டியவை

பங்குனி பிறந்தால் மதுரையில் ஏசி மெக்கானிக்குகளின் போன் ஓயாது. சித்திரைத் திருவிழா முடிந்து கத்திரி வெயில் அடங்கும் வரை மத்தியானச் சாப்பாடு சாயங்காலம்தான். அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நானும் ஹெல்பரா வரட்டுமா?" என்று தம்பிகள் கேட்கிறார்கள். வாங்க, ஆனால் முதலில் ஐடிஐயில் சேருங்கள் என்பேன். நானும் ஹெல்பராகத் தொடங்கியவன்தான். மூன்று வருஷம் ஏணி பிடித்தும், கேஸ் ஏன் குறைகிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் சேர்க்கை. பத்தாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும், படிப்பு 2 ஆண்டு. பட்டியலில் 'ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங் டெக்னீஷியன்' என்ற பிரிவைத் தேடுங்கள். எந்த ஐடிஐயில் அது இருக்கிறது என்று பார்த்துவிட்டு விருப்பத்தை வரிசைப்படுத்துங்கள். கே.புதூரில் அரசு ஐடிஐ இருக்கிறது, நேரில் போயே கேட்கலாம். அரசு ஐடிஐ என்றால் பயிற்சிக் கட்டணம் இல்லை; மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு.

அடுத்து, குளிர் எங்கிருந்து வருகிறது என்பது. மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஏசியிலும் அதே கதைதான். வீட்டுக்குள் இருக்கும் காயிலில் கேஸ் கொதித்து ஆவியாகி அறையின் சூட்டை வாங்குகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி மாடியில் இருக்கும் வெளிக் காயிலுக்கு அனுப்ப, அங்கே சூட்டைக் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகிறது. ஏசியில் போடும் ஆர்-32 என்ற கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். மூடிய குழாய்க்குள் சுற்றும் இந்தக் கேஸ் தேய்ந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ லீக் என்று அர்த்தம்.

மூன்றாவது, ஃப்ளேர். அதாவது காப்பர் பைப்பின் வாயைக் கூம்பு மாதிரி விரித்து, நட்டால் இறுக்கி இணைப்பது. இதில்தான் அதிக நேரம் செலவிடுங்கள். அண்ணாநகரில் ஒரு வீட்டில் ஒரே கோடையில் மூன்று முறை கேஸ் போட்டிருந்தார்கள். நான்காவதாக நான் போய் நட்டைக் கழற்றினேன். காப்பர் வாயில் முடி அளவு விரிசல். அந்த அம்மா மூன்று முறையும் கொடுத்த காசு அந்த விரிசல் வழியாகத்தான் போயிருக்கிறது.

பைப் கட்டரை ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி வெட்டுங்கள். வெட்டிய வாயைத் தரையைப் பார்த்துப் பிடித்துப் பிசிறு எடுங்கள், தூள் உள்ளே விழக்கூடாது. நட்டை முதலில் மாட்டிவிடுங்கள். மறந்தால் செய்த ஃப்ளேரை வெட்டி எறிய வேண்டியதுதான். பைப்பை ஃப்ளேரிங் செட்டின் பிடிகட்டையில் (பிளாக்) இறுக்கி, கூம்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மெதுவாகத் திருகுங்கள். விரிந்த முகம் சுற்றிலும் ஒரே அகலத்தில், கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். கீறல் இருந்தால் தயங்காமல் வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். மாட்டும்போது நட்டைக் கையால் ஓட்டிவிட்டு, பிறகு இரண்டு ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள்.

நான்காவது, சோதனை. நைட்ரஜன் ஏற்றி, ஜாயின்ட்டில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். ஆக்சிஜனை ஏற்றவே கூடாது, கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். பிறகு நைட்ரஜனை வெளியேற்றிவிட்டு, குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்யூம் பம்ப் ஓட்டி, வால்வை மூடி, அழுத்தம் காட்டும் கேஜைக் கவனியுங்கள். முள் ஏறினால் லீக் அல்லது உள்ளே ஈரம். அவசரத்தில் வேக்யூமை விட்டுவிட்டு, லைனில் இருக்கும் காற்றைக் கேஸால் தள்ளிவிடும் பழக்கம் நம்மூரில் உண்டு. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆர்-32 தீப்பிடிக்கக் கூடியது. வெளியே விட்டால் கார்பன் டை ஆக்சைடைப் போல 675 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

கரன்ட் விஷயத்தில் ஒன்று. மெயினை அணைத்தாலும் கரன்ட்டைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். அதை ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

படிப்பு முடிந்ததும் தொழிற்பழகுநராக ஒரு நிறுவனத்தில் சேருங்கள். வீட்டு ஏசி மட்டுமல்ல, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, பால் குளிரூட்டும் நிலையம் என்று பெரிய இயந்திரங்கள் அங்கேதான் கைக்கு வரும். கையில் காசு வரும்போது முதலில் கட்டரும் ஃப்ளேரிங் செட்டும் கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் வாங்குங்கள். வேலை நடக்கும் இடத்தில் மிஞ்சும் அரை இஞ்ச் காப்பர் பைப்பின் துண்டுகளைக் கேட்டு வாங்கி, தினம் பத்து ஃப்ளேர் போட்டுப் பழகுங்கள்.