குட்டிக் கரடியின் கை தளர்ந்தால்: தோல் வட்டு வைத்துச் சரிசெய்த என் அனுபவம்

மூன்று அங்குலத் துணிக் கரடிப் பொம்மைக்கு நூல் மூட்டுதான் (கை, கால், தலையை உடம்போடு நூலால் கட்டி அசையவிடுவது) வசதி. ஆனால் போகப்போகக் கை தொங்கும், தலை ஆடும். நூல் தளர்ந்துவிட்டதென்று இழுத்து இறுக்கினால் இன்னும் மோசமாகும். பெரும்பாலும் நூல் நீள்வதில்லை. துணியின் நெசவை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்குகிறது.

நூல் இப்படித் துணிக்குள் இறங்காமல் தடுக்க நான் வைப்பது தோல் வட்டு. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூவுக்கு வெட்டி மிஞ்சிய லைனிங் தோல் துண்டே போதும் (வேலூர்க்காரர்களுக்கு இதில் கொஞ்சம் கொடுப்பினைதான்). முக்கால் மி.மீ. தடிமனுக்கு மேல் வேண்டாம், கை புடைத்துத் தெரியும். பெல்ட்டுக்கு ஓட்டை போடும் கருவியால் 5 மி.மீ. வட்டு, கழுத்துக்கு 8 மி.மீ. நடுவில் 2 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளை.

பஞ்சு அடைக்கும் முன்பே கைக்குள் வட்டை வைத்து, மெழுகு நூலின் இரு முனைகளையும் துணி வழியாக வெளியே எடுங்கள். கையை அடைத்துத் தைத்தபின் முனைகளைக் காலி உடம்புக்குள் இழுத்து, அங்கே இன்னொரு வட்டில் கோத்து, முதல் முடிச்சில் நூலை இருமுறை சுற்றிக் கட்டுங்கள். ஒற்றைச் சுற்று வழுக்கும். கை திருப்பவே கஷ்டமாக இருக்கும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். பிறகு தானே இளகும். உடம்பைக் கடைசியில் அடைத்து முதுகில் மூடலாம்.

பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் என்றால் ஒரு எச்சரிக்கை: ஈரத்தில் இரும்பு பட்டால் கறுக்கும். பொம்மைக்குள் எடைக்கு இரும்புக் குண்டு போடாமல் கண்ணாடி மணி போடுங்கள்.