கொண்டுவந்தது யார்?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிவம் ஆறு பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு ஒரே குறை: "டீச்சர், படிச்சா புரியுது, எழுத உட்கார்ந்தா வரல." உண்மையில் புரிந்திருக்காது. கண் ஓடியிருக்கும், அவ்வளவுதான்.

என் முறை கொஞ்சம் மெதுவானது. அத்தியாயம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். முதல் தடவை பென்சிலைத் தொடாமல் படியுங்கள். ஹைலைட்டரைப் பையிலேயே வைத்துவிடுங்கள். பக்கம் முழுக்க மஞ்சள் பூசிவிட்டுப் படித்தாயிற்று என்று எழுந்து போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டாம் தடவை வினைச்சொற்களை மட்டும் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'யார்?' என்று எழுதுங்கள்.

ஒரு மாணவி எழுதிவந்த வரி இது: "தமிழர்கள் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர்." இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் கொண்டுவந்த ஆள் அந்தச் செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொண்டார். மறுபடி புத்தகத்துக்குப் போகச் சொன்னேன். தேடினால் ஒருவர் இல்லை, வரிசையாக வருகிறார்கள். தோட்டத்திலிருந்து தன் சொந்த ஊருக்கே திரும்பிப் போய் ஆள் சேர்த்த கங்காணி. கப்பல் செலவுக்கு, 1907-இல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதி. அந்த நிதிக்குப் பணம் கட்டிய முதலாளிகள். மறுவாரம் அவள் இப்படித் திருத்தி எழுதினாள்: "முதலாளிகள் கட்டிய நிதியில், கங்காணிகள் தம் ஊராரையும் உறவினரையும் அழைத்துவந்தார்கள். ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு கிடைத்தது. எனவே அவர்களைத் தோட்டத்தை விட்டுப் போகவிடாமல் வைத்திருப்பதில் அவருக்கும் ஆதாயம் இருந்தது."

அந்தக் கடைசி வாக்கியம் புத்தகத்தில் இல்லை. அவளாக யோசித்தது. கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது.

இதே போலத்தான் "1938-இல் தடைசெய்யப்பட்டது" என்ற வரியும். நிதியுதவியோடு கூலியாட்கள் வருவதைத் தடைசெய்தது இந்திய அரசு, மலாயா அரசு அல்ல. அந்தப் பெயரைச் சேர்த்துவிட்டால் 'ஏன்?' என்ற கேள்வி தானாக வந்துவிடும். தோட்டக் கூலியைக் குறைத்த தகராறு வரை இழுத்துக்கொண்டு போகும்.

மூலநூல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள், அது கட்டுரையாகாது. புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை வீட்டில் யாரிடமாவது தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் குறுக்கே கேட்கிற கேள்விக்கு எங்கே திணறுகிறீர்களோ, அந்த இடத்தை மட்டும் திரும்பப் படித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

நான் என் பாட்டியிடம் சொல்லிப் பார்ப்பேன். கங்காணி என்றதுமே அவர், "அவரு எங்க சித்தப்பாதான், கப்பல்ல அவருதான் எனக்குச் சோறு ஊட்டுனாரு" என்பார். புத்தகத்துக் கங்காணியும் பாட்டியின் சித்தப்பாவும் ஒரே ஆள் மாதிரியே தெரியவில்லை. எதை விடுவது? எதையும் விட வேண்டாம். "ஒரு குடும்பத்தின் நினைவில்" என்று தொடங்கிப் பாட்டி சொன்னதையும் எழுதலாம். எல்லாக் கங்காணிகளும் அப்படித்தான் என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. பாட்டி பேசியது ஒரு சித்தப்பாவைப் பற்றி.

அப்புறம் பக்க எண். பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் ஒரு நோட்டு நிறைய மேற்கோள் எழுதி வைத்திருந்தேன், ஒன்றுக்கும் பக்க எண் இல்லை. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய வாரம் முழுக்க நூலகத்தில் தரையில் உட்கார்ந்து, படித்த புத்தகங்களையே மறுபடி புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மேற்கோள்கள் கிடைக்கவே இல்லை, வெட்டிவிட்டேன். அதில் ஒன்றுதான் என் வாதத்தையே தாங்கிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் பக்க எண்ணை முதலில் எழுதிவிட்டுத்தான் வரியை எழுதுகிறேன்.