பதிவாளர் மென்பொருள் கேட்டால் முதலில் பேரேட்டைக் கேளுங்கள்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மூன்றாவது வாரம் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். "கம்ப்யூட்டர் மேடத்தைக் கூட்டிவரச் சொன்னார்கள்" என்றார். போனேன். பிரிண்டரில் காகிதம் சிக்கியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன், காபி வந்தது, குடித்துவிட்டுத் திரும்பினேன். பக்கத்து மேசையில் ஓர் எழுத்தர் இரண்டு பேரேடுகளை விரித்து வைத்துக்கொண்டு, ஒரே ஆசிரியரின் பெயரை ஒன்றில் ஒரு விதமாகவும் மற்றதில் வேறு விதமாகவும் எழுதிக்கொண்டிருந்தார். அதுதான் என் வேலை என்று எனக்கு உறைக்க ஆறு ஆண்டுகள் ஆயின.

கணினி அறிவியல் துறையில் 22 ஆண்டுகள் பாடம் நடத்தினேன். அதில் 9 ஆண்டுகள் கணினி மையமும் என் தலையில் இருந்தது. இப்போது புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியர்கள் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "நிர்வாகம் மென்பொருள் கேட்கிறது, மற்ற துறைகள் ஆய்வுக்கு உதவி கேட்கின்றன, என் ஆய்வை எப்போது செய்வது?" அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த வேலையை ஏற்பது என்பதற்கு என்னிடம் ஓர் உரைகல் உண்டு. ஒரே பொருள் இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கிறதா? அப்படியானால் அது கணினி அறிவியல்காரரின் வேலை. புரொஜெக்டர் எரியவில்லை, விழாப் படங்களை இணையதளத்தில் ஏற்ற வேண்டும், துணைவேந்தரின் கைபேசியில் வாட்ஸ்அப் திறக்கவில்லை என்பவை அந்த உரைகல்லில் தேறாது. இவற்றை முகத்துக்கு நேராக மறுக்கக் கூச்சமாக இருந்தால், கோரிக்கையை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பாதி அங்கேயே நின்றுவிடும். மீதிக்கு ஒரு தொழில்நுட்ப உதவியாளர் தேவை என்று நீங்களும் எழுத்தில் கேளுங்கள்.

தேறிய வேலையை எடுத்துக்கொண்டால், மூன்று நாள் கணினியைத் திறக்காதீர்கள். பிரிவு எழுத்தரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். வெற்றுப் படிவங்களையும் பழைய பேரேடுகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். "இதை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் விதிமுறையைச் சொல்வார். "போன மாதம் எதில் சிக்கல் வந்தது?" என்று கேளுங்கள். இடையில் நின்று மறுபடி சேர்ந்த மாணவர், திருமணத்துக்குப் பின் அரசிதழில் பெயர் மாற்றிய ஆசிரியை, நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பவைதான் அந்த அலுவலகத்தின் உண்மையான விதிகள். அவற்றை விட்டுவிட்டு எழுதிய மென்பொருள் ஒரு பருவத்தைக்கூடத் தாண்டாது. என்னுடைய முதல் மென்பொருள் தாண்டவில்லை.

அடுத்தது பெயர். நம் ஊரில் இதற்கென்று தனியாக ஒரு மாதம் ஒதுக்கலாம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துதான் உண்டு. ஆய்விதழ்களின் படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கும். செ. முருகேசன் என்பவர் ஓர் இதழில் தந்தை பெயரை அந்தக் கட்டத்தில் போடுவார், அடுத்ததில் தம் பெயரையே போடுவார். போதாததற்கு, 'செ' என்பதை ஆங்கிலத்தில் ஒருமுறை 'எஸ்' என்றும் ஒருமுறை 'சி' என்றும் எழுதியிருப்பார். ஒரு முருகேசன் நான்கு பேராகிவிடுவார். எஸ். குமார் என்றால் கதை தலைகீழ்: பத்துப் பேர் ஒருவராகிவிடுவார்கள்.

இதற்கு மருந்து 2012 முதல் வழங்கப்படும் ஆர்கிட் எண். ஒவ்வோர் ஆய்வாளருக்கும் 16 இலக்கம், கட்டணம் இல்லை. முனைவர் பட்டப் பதிவுப் படிவத்திலேயே அதைக் கேட்கும்படி செய்துவிட்டால் பிறகு துரத்த வேண்டியதில்லை. அதைச் சேமிக்கும்போது மட்டும் கவனம். ஒரு முறை எங்கள் அலுவலகத்தில் யாரோ, அழகாக இருக்கட்டும் என்று, எண்களின் நடுவே இருக்கும் இணைப்புக்கோடுகளை நீக்கிவிட்டு எக்செல்லில் ஏற்றினார்கள். ஆர்கிட் எண்கள் சுழியங்களில்தான் தொடங்கும், எக்செல்லோ ஓர் எண்ணின் முன்னால் நிற்கும் சுழியங்களை விழுங்கிவிடும். பட்டியல் முழுக்க எண்கள் குட்டையாகிவிட்டன. ஆர்கிட்டின் கடைசி இடம் சரிபார்ப்புக் குறி என்பதால் சிலருக்கு அங்கே 'எக்ஸ்' என்ற எழுத்து வரும். அவர்கள் மட்டும் தப்பினார்கள். அடையாள எண் என்பது கூட்டிக் கழிக்கும் எண் இல்லை. அந்தப் பத்தியை உரை வடிவம் என்று அமைத்துவிட்டுப் பிறகு ஒட்டுங்கள்.

இதை அலுவலகத்தின் அறியாமை என்று சிரிக்க வேண்டாம். 'மார்ச்1', 'செப்ட்1' என்று பெயர் கொண்ட மனித மரபணுக்களை எக்செல் தேதிகளாக மாற்றி, வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல்களையே கெடுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டதாகப் பெயரிடும் குழு அறிவித்தது.

பல்கலைக்கழகத்தின் பெயருக்கும் இதே கதிதான். தேசியத் தரவரிசைப் பட்டியல் முதன்முதலாக 2016இல் வந்தது. அதற்கான ஆய்வுக் கட்டுரைக் கணக்கை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளங்களிலிருந்து எடுக்கிறார்கள். நம்மவர்கள் முகவரியில் துறையை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சுருக்கியோ விட்டுவிட்டோ அனுப்பினால், உழைப்பு நம்முடையதாக இருக்கும், கணக்கில் ஏறாது. இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். கட்டுரையில் முகவரி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றை வரியில் ஒரு சுற்றறிக்கை போதும். பதிவாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். நான் செய்ததிலேயே அதிகப் பயன் தந்த கணினிப் பணி அந்த ஒரு பக்கம்தான்.

மாணவர் எண்ணிக்கையும் இப்படித்தான். சேர்க்கைப் பிரிவு ஒரு எண் சொல்லும், கட்டணப் பிரிவு ஒன்று, தேர்வுப் பிரிவு ஒன்று. மூன்றும் சரி. எந்த எண்ணையும் எந்தத் தேதியில், யாரைச் சேர்த்து எண்ணியது என்று எழுதாமல் மேலே அனுப்பாதீர்கள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் நிரல். சிறியதாக எழுதுங்கள். ஆசிரியருக்கு ஓர் அட்டவணை, கட்டுரைக்கு ஓர் அட்டவணை, யார் எதை எழுதினார் என்பதற்கு மூன்றாவது அட்டவணை. இந்த மூன்றாவது இல்லாவிட்டால், நம் ஆசிரியர் மூவர் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை மூன்றாகக் கணக்கேறும். கட்டுரைக்கு அடையாளமாக, வெளியாகும்போது அதற்கென்று தனியாகத் தரப்படும் டிஓஐ எண்ணைக் கொள்ளுங்கள். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் வேறுபாடு இல்லை என்பதால், ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிவிடுங்கள். எழுத்தருக்கு எக்செல் பழக்கம் என்றால் உள்ளீடு எக்செல்லிலேயே இருக்கட்டும். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, பருவத்துக்கு ஒரு முறை அதிலிருந்து மீட்டுப் பாருங்கள். மாணவர்களின் ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரங்களை உங்கள் மடிக்கணினிக்குக் கொண்டுவராதீர்கள். தனிநபர் தரவுக்கென 2023இல் சட்டமே வந்துவிட்டது.

இனி ஆய்வு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1937இல் தொடங்கிய கணித ஆய்வகத்தின் வேலையே பிற துறைகளுக்குக் கணிப்பு வசதி தருவதுதான். அங்கே மாரிஸ் வில்க்ஸ் குழு கட்டிய எட்சாக் கணினி 1949 மே மாதத்தில் ஓடத் தொடங்கியது. மயோகுளோபின் புரதத்தின் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்த ஜான் கென்ட்ரூ, ஃபூரியர் கணக்குகளுக்காக அந்த ஆய்வகத்தின் ஆய்வு மாணவர் ஜான் பென்னட்டுடன் சேர்ந்தார். 1952இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கிறது. பின்னர் 1962இல் கென்ட்ரூ வேதியியல் நோபல் பரிசை மாக்ஸ் பெரட்ஸுடன் பகிர்ந்துகொண்டார். நான் முதன்முதலாகப் பிற துறைக்கு நிரல் எழுதிக் கொடுத்தபோது, கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் "கணினி உதவிக்கு நன்றி" என்று ஒரு வரி கிடைத்தது. எட்டு மாத வேலை. ஆகவே தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசுங்கள்: இதில் அவர்களுடைய கேள்வி எது, என்னுடைய கேள்வி எது, கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும்? ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் கேள்வியே இல்லையென்றால் அது ஆய்வில்லை, கைவேலை. பிடித்தால் செய்யுங்கள்.

கேள்வி எங்கே கிடைக்கும் என்றால், மறுபடியும் அதே உரைகல். எங்கள் தமிழ்த் துறையில் பழைய ஆய்வேடுகள் பாமினி எழுத்துருவில் குவிந்து கிடந்தன. திரையில் 'அம்மா' என்று தெரிவது, எழுத்துருவை மாற்றினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக நிற்கும், தேடினால் சிக்காது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறியை (யூனிகோடு) தமிழக அரசு 2010இல் ஏற்றது, ஆனால் அதற்கு முந்திய கோப்புகள் தாமாக மாறவில்லை. நாங்கள் முதலில் 50 பக்கங்களை மட்டும் மாற்றிப் பார்த்தோம். அங்கேதான் சுவையான சிக்கல்கள் வந்தன. ஒருங்குறியிலேயே 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. 'ஔ' என்ற உயிரெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியவர்களும் உண்டு. ஔவையாரைத் தேடினால் பாதி ஔவையார்தான் கிடைப்பார். தமிழ்ப் பேராசிரியருக்கு அது சொல்லடைவுச் சிக்கல், எனக்கு உரை ஒப்பீட்டுச் சிக்கல். இருவருக்கும் ஆளுக்கொரு மாணவர் அதில் பட்டம் பெற்றார்கள்.

கடைசியாக ஒப்படைப்புக் கோப்பு. இதை ஓய்வு பெறும் வாரத்தில் எழுத முடியாது. முதல் நாளிலிருந்தே எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள், அச்செடுத்து வையுங்கள். எந்த சர்வர் எங்கே இருக்கிறது, எந்தப் பட்டியலுக்கு எந்தப் பிரிவு பொறுப்பு, பென்சில் விதிகள் எவை என்று எல்லாம் அதில் வேண்டும். கடவுச்சொற்கள் வேண்டாம், அவை உறையிட்டுப் பதிவாளரின் இரும்பு அலமாரியில் இருக்கட்டும். என்னுடைய கோப்பு 41 பக்கம். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஆள் மாறும்போது பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை, முதலெழுத்தை விரித்து முழுதாக எழுதும்படி கீழே குறிப்பும் போட்டிருக்கிறேன்.