பிக்அப்பில் கேரவனை இழுத்துச் செல்வது எப்படி? மதுரையிலிருந்து புறப்படுவோருக்கான செய்முறை விளக்கம்

பெரிய பிக்அப் வைத்திருப்பவர்களிடம் கேரவன் (வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு) பற்றிப் பேச்செடுத்தால், எஞ்சின் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. டொயோட்டா ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக்கில் 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. இசுசு வி-கிராஸின் 1.9 லிட்டர் எஞ்சின் 360 தருகிறது. 1,200 கிலோ எடையுள்ள ஒரு கேரவனை இழுக்க இரண்டாவதே தாராளம். இழுப்பது எளிது, நான்கு வழிச் சாலையில் பின்னால் வருவதை நேராக ஓடச் செய்வதும், வேண்டிய இடத்தில் நிறுத்துவதுமே கடினம். அந்த இரண்டையும் தீர்மானிப்பது கேரவனுக்குள் எடை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். ஆகவே இந்த விளக்கத்தின் பெரும்பகுதி எடையைப் பற்றியே இருக்கும். ஸ்டெப்னி மாற்றுவது, ஜாக்கி வைப்பது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆவணமும் கொக்கியும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறையிலேயே டிரெய்லரும் மோட்டார் வாகனமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. எனவே கேரவனுக்கும் தனிப் பதிவு வேண்டும். வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இழுக்கும்போது உங்கள் பிக்அப்பின் காப்பீடு செல்லுமா என்பதை அந்த நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸுக்கும் டி-மேக்ஸுக்கும் (வி-கிராஸின் அங்குள்ள பெயர்) 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று குறிப்பிடுவதைப் பார்த்துவிட்டு, இங்கே விற்ற வண்டிக்கும் அதுவே பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள எண்ணே கணக்கு. அந்த எண்ணும்கூட, பின் தொட்டி நிறையச் சாமானையும் ஐந்து பேரையும் ஏற்றிய நிலையில் அப்படியே கிடைத்துவிடாது. வண்டி, அதன் சுமை, கேரவன் மூன்றும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனி வரம்பு உண்டு.

கொக்கியைப் பொறுத்தவரை எனக்கு ஒரே கருத்துதான். பம்பரில் பற்றவைத்துத் தரும் கொக்கியை எந்தப் பட்டறைக்காரர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் ஏற்காதீர்கள். சேஸியின் இரு நீளத் தண்டுகளிலும் போல்ட் போட்டு மாட்டும், எடை வரம்பு பொறித்த டோ பாரை மட்டும் வாங்குங்கள். கேரவனின் முன்மூக்கில் உள்ள கப்ளர் டோ பாரின் உருண்டையைக் கவ்விப் பூட்டும்; அந்தக் கப்ளர் 50 மில்லிமீட்டர் உருண்டைக்கானது என்றால் உருண்டையும் 50 மில்லிமீட்டராகவே இருக்க வேண்டும். அமெரிக்க அளவான இரண்டு அங்குலம் 50.8 மில்லிமீட்டர் என்பதால், பார்வைக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் கப்ளர் சரியாகப் பூட்டாது.

கொக்கியின் மேல் இறங்கும் எடை

கேரவனின் முன்மூக்கு உருண்டையின் மேல் எவ்வளவு எடையை இறக்குகிறது என்பதே இந்த வேலையில் மிக முக்கியமான எண். ஐரோப்பியர்கள் கேரவனின் உண்மையான எடையில் 5 முதல் 7 சதவீதம் என்பார்கள். ஆஸ்திரேலியர்கள் ஏறத்தாழ 10 சதவீதம் என்பார்கள். பிக்அப் வைத்திருப்பவர்கள் 8 முதல் 10 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் முடிவு. அதாவது 1,200 கிலோ கேரவனுக்கு ஏறக்குறைய 100 முதல் 120 கிலோ. டோ பாரின் வரம்பும் கப்ளரின் வரம்பும் இதைவிடக் குறைவாக இருந்தால், குறைந்த எண்ணே செல்லும்.

இந்த எடை குறைந்தால் என்ன ஆகும்? கேரவனின் பாரம் அச்சுக்குப் பின்னால் சாய்ந்து, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வால் இடவலமாக ஆடத் தொடங்கும். ஆட்டம் தானாக அடங்காமல் ஒவ்வொரு வீச்சிலும் பெருகும். அதிகமானாலும் தொல்லைதான். உருண்டை பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, முன், பின் அச்சுகளுக்கு இடையே 3.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 120 கிலோ மூக்கு எடை பின் அச்சில் 166 கிலோவாக ஏறி, முன் அச்சிலிருந்து 46 கிலோவைத் தூக்கிவிடும். 200 கிலோ என்றால் முன்பக்கம் 77 கிலோ இழக்கும். ஸ்டீயரிங் லேசாகிப்போவதும், எதிரே வருகிறவர் கண்ணில் உங்கள் ஹெட்லைட் அடிப்பதும் இதனால்தான்.

அளப்பதற்கு எடை மேடையை மட்டும் நம்ப வேண்டாம். கப்பலூர்ப் பக்கம் லாரிகளுக்கான எடை மேடையில் கேரவனின் மொத்த எடையைத் தெரிந்துகொள்வது அவசியம்தான். ஆனால் லாரி மேடைகள் பெரும்பாலும் பத்துப் பத்துக் கிலோவாகவே காட்டும் என்பதால், 90க்கும் 105க்கும் உள்ள வேறுபாட்டை அதில் பிடிக்க முடியாது. வீட்டில் ஆள் ஏறி நிற்கும் சாதாரண எடைக்கருவியே போதும். மூன்றடிக்குச் சற்று நீளமான கனத்த பலகை ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் செங்கல்லின் மேலும் மறுமுனையை எடைக்கருவியின் மேலும் மட்டமாக வையுங்கள். தாங்கும் இரு புள்ளிகளுக்கும் இடையே சரியாக மூன்றடி இருக்க வேண்டும். பலகையின் எடை மட்டும் இருக்கும்போது கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செங்கல்லிலிருந்து ஓரடி தள்ளி ஒரு கட்டையை நிறுத்தி, ஜாக்கி சக்கரத்தை (மூக்கை ஏற்றி இறக்கும் சிறு சக்கரம்) சுழற்றி கப்ளரை அதன் மேல் இறக்குங்கள். சக்கரங்களுக்கு இருபுறமும் அடைகட்டை கொடுத்திருக்க வேண்டும். கேரவன் மட்டமாக நிற்க வேண்டும். கருவி இப்போது காட்டும் எண்ணிலிருந்து முதலில் குறித்ததைக் கழித்து, மூன்றால் பெருக்கினால் மூக்கு எடை கிடைத்துவிடும்.

இந்த இடத்தில்தான் எனக்கு வெகுநாள் புதிராக இருந்த ஒன்று பிடிபட்டது. வீட்டு வாசலில் அளந்தபோது எல்லாம் சரியாக இருந்த கேரவன், விருதுநகரைத் தாண்டியதும் 75 கிலோமீட்டர் வேகத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. டயர், கப்ளர், சக்கர பேரிங் எதிலும் குறையில்லை. காரணம் தண்ணீர். என் கேரவனில் 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு இரண்டு மீட்டர் பின்னால் இருக்கிறது. அச்சிலிருந்து கப்ளருக்கு நான்கு மீட்டர். அளக்கும்போது தொட்டி காலி, புறப்படும்போது நிறைந்திருக்கும். 60 கிலோ இரண்டு மீட்டர் பின்னால் ஏறினால், நான்கு மீட்டர் முன்னால் 30 கிலோ குறையும். காலியாக இருக்கையில் 90 கிலோ காட்டிய மூக்கு, தொட்டி நிறைந்ததும் 60 ஆகி, கேரவனின் மொத்த எடையோ 1,260 ஆகிவிடும். ஏழரை சதவீதமாக இருந்தது ஐந்துக்கும் கீழே போய்விட்டது. ஆகவே தண்ணீர், சிலிண்டர், அரிசிப் பை, குளிர்ப்பெட்டிக்குள் இருப்பது வரை அனைத்தையும் ஏற்றிய பிறகே அளக்க வேண்டும். பின்பக்கத் தொட்டி உள்ளவர்கள் அதைக் காலியாகவே ஓட்டிச் சென்று, சேரும் ஊரில் நிரப்பிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

கனமான சாமான்கள் அச்சின் மேல், தரையோடு ஒட்டி இருக்கட்டும். நிரம்பிய 14.2 கிலோ சிலிண்டர் இரும்போடு சேர்த்து ஏறத்தாழ 30 கிலோ. இன்வெர்ட்டர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும். பின்னால் ஏறிய கனத்துக்கு ஈடாக முன்னாலும் கனத்தை வைத்து மூக்கு எடையைச் சரிக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எண் சரியாக வரும், ஓட்டம் சரியாக வராது. இரு முனையிலும் செம்பு கட்டிய காவடி ஒருமுறை சுழன்றால் நிற்க நேரம் எடுப்பதைப் போல, இரு கோடியிலும் கனம் உள்ள கேரவனும் ஆடத் தொடங்கினால் எளிதில் அடங்காது.

பூட்டுதல்

கப்ளரை உருண்டையின் மேல் இறக்கிப் பூட்டியதும், ஜாக்கி சக்கரத்தால் மூக்கை மறுபடி மேலே தூக்கிப் பாருங்கள். பிக்அப்பின் பின்பகுதியும் கூடவே எழும்பினால்தான் பூட்டு விழுந்திருக்கிறது என்று பொருள்; கப்ளரின் பச்சைக் குறியை மட்டும் நம்பி நான் வண்டியை எடுப்பதில்லை. பாதுகாப்புச் சங்கிலிகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக, கப்ளருக்கு அடியில் மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் தங்கும். உருண்டைக்கு கிரீஸ் போடலாமா என்றால், சாதாரண கப்ளருக்குப் போட வேண்டும். உராய்வுப் பட்டைகளால் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் வகைக் கப்ளருக்குப் போடவே கூடாது. உருண்டை துடைத்து உலர்ந்திருக்க வேண்டும்.

பிரேக்

சிறிய கேரவன்களில் தள்ளுவிசை பிரேக் இருக்கும்: பிக்அப் வேகம் குறைக்கும்போது கேரவன் முன்னோக்கித் தள்ள, கப்ளருக்குள் இருக்கும் தண்டு உள்ளே போய் டிரம் பிரேக்கைப் பிடிக்கும். சமவெளியில் நன்றாகவே வேலை செய்யும். மலை இறக்கத்திலோ கேரவன் இடைவிடாமல் தள்ளிக்கொண்டே வரும் என்பதால் டிரம்கள் காய்ந்து பிடிமானம் போய்விடும். மின்சார பிரேக்கும், ஓட்டுநர் கைக்கெட்டும் கட்டுப்பாட்டுக் கருவியும் உள்ள கேரவனையே நான் விரும்புவேன். வெறிச்சோடிய சமசாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் கருவியின் கைவிசையை மட்டும் அழுத்தி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் கேரவன் பிக்அப்பை இழுத்துப் பிடிக்கும் அளவுக்கு அதை அமைத்துக்கொள்ள வேண்டும்.

புதியவர்கள் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கோ, போடிமெட்டுக்கோ கேரவனோடு போக வேண்டாம். போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே ஜீப்புகள் வரும்போது பின்வாங்க வேண்டிவந்தால், அனுபவசாலிக்கே கை நடுங்கும். முதல் பயணத்துக்குத் தூத்துக்குடியோ கன்னியாகுமரியோ பொருத்தம். முழுக்க நான்கு வழிச் சாலை.

காற்றும் பேருந்தும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கேரவன் அம்மியைவிட எவ்வளவோ லேசு. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் கயத்தாற்றுப் பகுதியிலும், காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில் முப்பந்தல், ஆரல்வாய்மொழியிலும் காற்று பக்கவாட்டில் அறையும். காற்றாலைகள் வரிசையாகத் தெரியத் தொடங்கினாலே வேகத்தை 60க்குக் குறைத்துவிடுங்கள். ராமேஸ்வரம் போகிறவர்களுக்குப் பாம்பன் சாலைப் பாலத்தில் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆம்னி பேருந்து முந்திச் செல்லும்போது முதலில் கேரவனைச் சாலை ஓரத்துக்குத் தள்ளும். கடந்ததும் தன் பக்கம் இழுக்கும். ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய முயல வேண்டாம், பிக்அப்பின் பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் வேண்டாம். மின்சார பிரேக் இருந்தால் அதன் கைவிசையை மட்டும் மென்மையாக அழுத்துங்கள்; கேரவன் பின்னோக்கி இழுபட்டு நேராகிவிடும். வேகம் கூட்டினால் நேராகும் என்ற யோசனை ஆபத்தானது.

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். நண்பகலில் சூடேறி அழுத்தம் கூடியிருப்பதைப் பார்த்துக் காற்றை இறக்கக் கூடாது. கேரவன் டயர் தேயாமலே கிழடாகும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வருடத்துக்கு மேல் நான் வைத்திருப்பதில்லை. சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் சாத்தூரிலோ கோவில்பட்டியிலோ நிறுத்தி நட்டுகளை மறுபடி முறுக்கிக்கொள்ளுங்கள். டோல்கேட்டில் ஓரத்தில் உள்ள அகலமான வழியையும், பங்க்கில் நேராக வெளியேறும் வழியையும் தேர்ந்தெடுங்கள்.

பின்னோக்கி ஓட்டுதல்

ஊருக்கு வெளியே பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் மனைகளுக்கு மதுரையைச் சுற்றிப் பஞ்சமில்லை. பழக அதுவே இடம். ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு, கேரவனின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். சிறிது சிறிதாகத் திருப்புங்கள். வளைவு கூடிவிட்டால் முன்னே எடுத்து நேராக்கி மறுபடி தொடங்குங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், கேரவனை மாட்டியதும் இண்டிகேட்டர் வேகமாக மினுக்குவதாகவும், பிரேக் அழுத்தினால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிவதாகவும் எழுதியிருந்தார். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். வேகமாக மினுக்குவது, கேரவனின் விளக்குகளை பிக்அப்பின் பின்விளக்கு வயரிலேயே நேரடியாக ஒட்டுப்போட்டதால் வரக்கூடும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸோடு தனி இணைப்பு எடுக்கும் ரிலே பெட்டி வைத்தால் தீரும். விளக்குகள் ஒன்றோடொன்று கலந்து மங்குவது பெரும்பாலும் எர்த் கோளாறு. ஐரோப்பிய முறை ஏழு முள் இணைப்பில் மூன்றாவது முள், வெள்ளை வயர், எர்த்துக்கானது. அந்த முள்ளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அதன் மறுமுனை சேஸியில் பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அவருக்கு அந்த வெள்ளை வயரின் லக் (முனையில் உள்ள உலோக வளையம்) பச்சை பூத்து உதிரும் நிலையில் இருந்ததாம். மாற்றியதும் சரியாகிவிட்டதாக எழுதினார்.