வேப்பெண்ணெய் பயறு வண்டின் இனப்பெருக்கத்தை எங்கே தடுக்கிறது? நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

எண்ணெய் தடவிய பயற்றில் அடுத்த தலைமுறை வண்டு குறைந்திருந்தால், "இனப்பெருக்கம் குறைந்தது" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். எந்த இடத்தில் குறைந்தது? தாய் வண்டு முட்டையே இடவில்லையா, இட்ட முட்டை பொரியவில்லையா, பொரிந்த புழு விதைக்குள்ளேயே செத்துப்போனதா? இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காவிட்டால் சோதனை செய்தும் பயனில்லை.

1. பூச்சியும் விதையும்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது காலோசோப்ரூகஸ் மாகுலேட்டஸ் என்ற பயறு வண்டு. அரிசி வண்டு தானியத்தில் குழி தோண்டி முட்டையை உள்ளே வைத்து மூடிவிடும். பயறு வண்டு முட்டையை விதைத்தோலின் மேல் ஒட்டிவிடுவதால் லென்ஸ் இருந்தால் எண்ணிவிடலாம். வளர்ந்த வண்டுக்குத் தீனியும் வேண்டாம்.

தட்டைப்பயறை ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் புழுக்கள் செத்துவிடும். எடுத்த பிறகு இரண்டு மூன்று நாள் அறைக்காற்றில் விட்டுவிடுங்கள்.

பெண் வண்டின் பின்நுனித் தகடு பெரியது, இரு பக்கமும் கருங்கோடு இருக்கும். ஆணின் தகடு சிறியது, அந்தக் கோடுகள் இருக்காது. வெளிவந்து ஒரு நாளுக்குள் இருக்கும் வண்டுகளையே எடுங்கள். இடுக்கி வேண்டாம், கால் முறியும். மெல்லிய ஓவியத் தூரிகைதான் நல்லது.

2. எண்ணெய் பூசுதல்

கிலோவுக்கு 1, 2.5, 5 மி.லி. என்று மூன்று அளவுகள் போதும். இவ்வளவு குறைந்த எண்ணெய் விதைகளில் சமமாகப் பரவாது. அதனால் கொஞ்சம் அசிட்டோனில் கரைத்து விதைகளோடு குலுக்கி, அசிட்டோன் முழுவதும் ஆவியாகும்வரை பரப்பி வையுங்கள். நல்ல காற்றோட்டமான இடமாகவும், அருகில் நெருப்பில்லாத இடமாகவும் இருக்கட்டும். பாத்திரம் கண்ணாடியாக இருப்பது அவசியம். அசிட்டோன் சில பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும்.

ஒப்பிட மூன்று தொகுதிகள் வேண்டும்: எதுவும் பூசாதது, அசிட்டோன் மட்டும் பூசியது, அதே அளவு கடலை எண்ணெய் பூசியது. மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எந்தத் தாவர எண்ணெயும் முட்டைமேல் படலமாகப் படிந்து காற்றோட்டத்தை அடைக்கக்கூடும். கடலை எண்ணெயிலும் வேப்பெண்ணெயிலும் முட்டைகள் ஒரே அளவில் செத்தால் வேம்பின் அசாடிராக்டின்தான் காரணம் என்று சொல்ல முடியாது. அசாடிராக்டின் பூச்சியின் ஹார்மோன்களில் குறுக்கிடும் பொருள்; வெறும் எண்ணெய்ப் படலம் செய்த வேலைக்கான பெருமையை அதற்குக் கொடுத்துவிடக் கூடாது.

3. ஜோடி சேர்த்தல்

குப்பிக்கு ஓர் ஆண், ஒரு பெண். ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தது ஐந்து குப்பிகள். விதைகளைத் தாராளமாகக் கொடுங்கள், எண்பது நூறு இருக்கட்டும். விதை குறைந்தால் ஒன்றின்மேலேயே பல முட்டைகள் விழுந்து, உள்ளே புழுக்கள் போட்டியிட்டுச் சாகும். முட்டை அதிகம் விழுவது எண்ணெய் பூசாத குப்பியில்தான். அங்கே இப்படிச் செத்தால் எண்ணெயின் விளைவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

30 டிகிரி செல்சியஸ், 70 சதவீத ஈரப்பதம் நல்லது. பெண் வண்டு எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்பதைத் தினமும் குறித்துவையுங்கள். இரண்டாம் நாளே செத்த வண்டு குறைவாக முட்டையிட்டிருந்தால் அதை முட்டையிடத் தயங்கியதாகக் கொள்ள முடியாது.

4. எண்ணுதல்

பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். புதிதாக இட்ட முட்டை கண்ணாடிபோல் பளபளக்கும். சில நாளில் புழு முட்டையின் அடிப்பக்கத்தைத் துளைத்து நேராக விதைக்குள் இறங்கும். அது கடித்த தூளும் கழிவும் காலி ஓட்டை நிரப்புவதால் முட்டை வெள்ளையாகிவிடும். ஆகவே வெள்ளை என்றால் பொரிந்தது. கடைசிவரை தெளிவாகவோ வற்றியோ இருந்தால் பொரியாதது.

தாய் வண்டு செத்த பிறகு ஒரு வாரம் பொறுத்து எண்ணினால் குழப்பம் வராது. எண்ணெய் பூசிய விதை பளபளப்பதால் தெளிவான முட்டைகள் கண்ணுக்குத் தப்பும். வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். தலையில் மாட்டும் லென்ஸ்தான் என் தேர்வு, இரண்டு கையும் சும்மா இருக்கும்.

மூன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் வட்டத் துளை போட்டு வண்டுகள் வரத் தொடங்கும். அன்றன்றே வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவையும் முட்டையிட்டுக் கணக்கைக் கெடுக்கும்.

5. கணக்கு

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒப்பீட்டுக் குப்பியில் 80 முட்டை, 72 பொரிந்தது, 63 வண்டு. எண்ணெய்க் குப்பியில் 40 முட்டை, 20 பொரிந்தது, 10 வண்டு. வண்டை மட்டும் எண்ணினால் 84 சதவீதம் குறைவு, அவ்வளவுதான் தெரியும். பிரித்துப் பாருங்கள்: முட்டையிடுதல் பாதியானது, பொரிப்பு 90 சதவீதத்திலிருந்து 50, பொரிந்ததில் வண்டாக வெளிவந்தது 87.5 சதவீதத்திலிருந்து 50. அப்படியென்றால் எண்ணெய் மூன்று இடத்திலும் வேலை செய்திருக்கிறது.

மலட்டுத்தன்மை இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. ஒரே ஒரு முட்டை ஒட்டிய விதைகளைத் தனித்தனிக் குப்பியில் போட்டால் இணைசேராத வண்டுகள் கிடைக்கும். ஆணை மட்டும் எண்ணெய் பூசிய விதைகளோடு ஒரு நாள் வைத்து, எண்ணெய் படாத பெண்ணோடு புதுவிதையில் சேருங்கள். அடுத்து மாற்றிச் செய்யுங்கள். முட்டை பொரியாததற்குக் காரணம் ஆணா பெண்ணா என்பது அப்போது தெரியும்.

பின்சேர்க்கை

வசம்பு எண்ணெயில் செய்யலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். செய்யலாம். அதிலுள்ள பீட்டா அசரோன் பூச்சிகளின் சூலகத்தைச் சுருங்கவைக்கும். ஆனால் எலிகளில் அது புற்றுநோய் உண்டாக்கியிருக்கிறது. கையுறை போடுங்கள், அந்த விதைகளைச் சமையலுக்குத் திருப்பாதீர்கள். அதன் ஆவியே வேலை செய்வதால் ஒப்பீட்டுக் குப்பிகளை வேறு அறையில் வையுங்கள்.

எண்ணெய் படாத குப்பியிலேயே முட்டை மிகக் குறைவு என்று ஒருவர் எழுதியிருந்தார். வளர்ப்புப் பாத்திரத்தில் நெரிசலும் சூடும் கூடினால் இந்த இனத்தில் பறக்கும் வகை வண்டுகள் உருவாகும். அவை தாமதமாக, குறைவாகவே முட்டையிடும். புதுவிதையில் சில ஜோடிகளை மட்டும் விட்டு, ஒரு தலைமுறை வளர்த்த பிறகு சோதனையைத் தொடங்குங்கள்.