தானியம் கூடினால் மாட்டின் வயிறு என்னாகும்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால் கூட வேண்டும், எடை ஏற வேண்டும் என்று மக்காச்சோளம், கோதுமை, பார்லி என்று அள்ளிப் போடுவோம். முதலில் அடிபடுவது மாட்டின் முதல் வயிறு, அதாவது ருமென். அங்கே தீவனத்தைச் செரிக்க வைப்பவை நுண்ணுயிர்கள். வைக்கோலையும் புல்லையும் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கு அங்கே பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 6-க்கு மேல் இருக்க வேண்டும். மாவுச்சத்து மளமளவென்று புளித்தால், வயிற்றுச் சுவர் உறிஞ்சுவதற்குள் அமிலம் தேங்கிவிடுகிறது. பி.எச். 5.5 வரை இறங்கி ஏறிக்கொண்டிருந்தால் மறைவான அமில நோய். 5-க்கும் கீழே போனால் லாக்டிக் அமிலம் பெருகி, மாடு உயிருக்குப் போராடும். எத்தனை கிலோ தானியம் என்பதைப் போலவே, அது எவ்வளவு வேகத்தில் புளிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேகத்தை மறப்பதால் வருபவை.

ஒரே நாளில் அளவை ஏற்றுவது

கன்று ஈன்றதும் அடர்தீவனத்தை இரட்டிப்பாக்குவது பரவலான பழக்கம். நுண்ணுயிர்க் கூட்டம் புதுத் தீவனத்துக்குப் பழக 2 முதல் 3 வாரமாகும். அமிலத்தை உறிஞ்சும் விரல் போன்ற முளைகள் வயிற்றுச் சுவரில் வளர 4 முதல் 6 வாரம் வேண்டும். அதனால் ஈனுவதற்கு 3 வாரம் முன்பே கொஞ்சம் தானியம் காட்டிப் பழக்க வேண்டும். ஈன்ற பிறகு நாளுக்குக் கால் கிலோ வீதம் ஏற்றினால் போதும். அவசரப்பட்டு வாங்கும் கூடுதல் பால் இரண்டு மாதத்தில் குளம்பு வலியாகத் திரும்பி வரும்.

வெறும் வயிற்றில், ஒரே வேளையில்

காலையில் பட்டினியாக நிற்கும் மாட்டுக்கு முதலில் தானியம் வைப்பது இன்னொரு தவறு. பசியில் விழுங்கும், மெல்லாது, உமிழ்நீர் ஊறாது. வளர்ந்த மாடு நாளுக்கு 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கும். அதிலுள்ள பைகார்பனேட்தான் அமிலத்தைக் கட்டுப்படுத்தும் இயற்கை மருந்து. முதலில் நார்த்தீவனம், அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தானியம். ஒரு வேளைக்கு 2 முதல் 3 கிலோவைத் தாண்ட வேண்டாம். தேவை அதிகமென்றால் வேளைகளைக் கூட்டுங்கள்.

மாவாக அரைப்பது

நன்றாகச் செரிக்கட்டும் என்று தானியத்தை மாவாக அரைத்தால் நுண்ணுயிர்கள் ஒரேயடியாகப் பாயும். உடைத்தோ நசுக்கியோ கொடுப்பது நல்லது. கோதுமையும் பார்லியும் மக்காச்சோளத்தைவிட வேகமாகப் புளிப்பவை, வேகவைத்த எந்தத் தானியமும் அப்படித்தான். இவற்றில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கிலோவுக்குக் கிலோ மாற்றிவிட முடியாது.

நாரிலும் இதே பிழை நடக்கிறது. பொடிப்பொடியாக நறுக்கிய சோளத்தட்டை வயிற்றை நிரப்புமே தவிர அசை போட வைக்காது. ரொம்ப நீளமாக விட்டாலோ மாடு அதைத் தள்ளிவிட்டுத் தானியத்தை மட்டும் பொறுக்கித் தின்னும். 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளம் பொருத்தமானது. கறவை மாட்டுக்கு மொத்த உலர்பொருளில் (ஈரத்தைக் கழித்த தீவன எடையில்) 40 சதவீதமாவது நார்த்தீவனமாக இருக்கட்டும்.

சோடா உப்பை நம்பித் தானியத்தைக் கூட்டுவது

சோடா உப்பு, அதாவது சோடியம் பைகார்பனேட், உதவும்தான். உண்ணும் உலர்பொருளில் சுமார் 0.75 சதவீதம், அதாவது 20 கிலோ உலர்பொருள் தின்னும் மாட்டுக்கு 150 கிராம். ஆனால் நார் குறைந்த தீவனத்தை அது சரிக்கட்டாது.

அறிகுறிகளை வேறு நோயாகப் படிப்பது

மறைவான அமில நோயில் மாடு படுத்துவிடாது. தீவனம் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். சாணம் இளகி, நுரையும் செரிக்காத தானியமுமாக இருக்கும். பாலின் கொழுப்பு இறங்கும். அது பாலின் புரத அளவுக்கும் கீழே போனால் சந்தேகமே வேண்டாம். படுத்து ஓய்வெடுக்கும் மாடுகளில் பாதிக்கும் மேல் அசை போடவில்லை என்றால் தீவனத்தைப் பாருங்கள், குடற்புழு மருந்தைத் தேடி ஓட வேண்டாம். மந்தையில் உறுதி செய்ய, மருத்துவர் தானியம் வைத்த 2 முதல் 4 மணி நேரத்தில் 12 மாடுகளின் வயிற்று நீரை எடுத்துப் பார்ப்பார். 3 அல்லது அதற்கு மேற்பட்ட மாடுகளில் பி.எச். 5.5-க்குக் கீழிருந்தால் கோளாறு மந்தைக்கே உரியது. கவனிக்காமல் விட்டால் வயிற்றுச் சுவர் புண்ணாகி, அதன் வழியே கிருமி கல்லீரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி உண்டாக்கும்.

மூட்டையை உடைத்துத் தின்ற மாட்டை மறுநாள் பார்க்கலாம் என்று விடுவது

இதில்தான் உயிர் போகிறது. தின்ற சில மணி நேரம் மாடு சாதாரணமாகவே தெரியும். பிறகு வயிறு தளும்பும், அசை நிற்கும், புளித்த வாடையுடன் கழிச்சல் வரும், தள்ளாடும், ஒன்றிரண்டு நாளில் படுத்துவிடும். எனவே தின்றது தெரிந்ததுமே மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை தானியத்தை அகற்றி, உலர்ந்த நீளப் புல்லோ வைக்கோலோ மட்டும் வையுங்கள். அறிகுறி இன்னும் தெரியாத மாட்டை அவ்வப்போது மெல்ல நடத்தலாம். தண்ணீரை வாளி வாளியாகக் காட்டாதீர்கள், அது நொதித்தலுக்குத் துணைபோகும். தேறிய பிறகும் பழைய அளவைத் திரும்பக் கொட்டாமல், முதல் நாளிலிருந்து பழக்குவது போலவே தொடங்க வேண்டும்.